வல்ஹஸ்: எல்லைக்கு அப்பால் இருந்தவரின் பெயர்

போலந்துக்காரர் இத்தாலியை இத்தாலி என்று சொல்வதில்லை. அவர் மொழியில் அந்நாட்டின் பெயர் வ்வோஹி. ஹங்கேரியில் இத்தாலியருக்கு ஒலஸ் என்று பெயர். இத்தாலியில் எந்த ஊரிலும், எந்தக் காலத்திலும், யாரும் தங்களை இந்தப் பெயர்களால் அழைத்துக்கொண்டதில்லை. பிரிட்டனின் மேற்கே இருக்கும் வேல்ஸ், அதற்குத் தெற்கே கடலுக்குள் நீளும் கார்ன்வால், பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் வலோனியா, சுவிட்சர்லாந்தின் வாலன் ஏரி, டான்யூப் நதியின் வடகரையில் உள்ள வலாக்கியா ஆகிய பெயர்களும் இதே வகை. அங்கிருந்தவர்கள் வைத்துக்கொண்டவை அல்ல, பக்கத்தில் இருந்தவர்கள் சூட்டியவை. எல்லாமே ஒரே சொல்லின் வழிவந்தவை. வேல்ஸுக்கும் வலாக்கியாவுக்கும் இடையே 2,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம். இந்த ஊர்க்காரர் பேச்சு அந்த ஊர்க்காரருக்குப் புரியாது.

அந்தச் சொல்லை மொழியியலாளர்கள் வல்ஹஸ் என்று மீட்டெடுத்து, முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இட்டு எழுதுகிறார்கள். முழு வடிவில் எங்கும் எழுதிக் கிடைக்காத, வழித்தோன்றல் மொழிகளை ஒப்பிட்டுக் கணித்த வடிவம் என்பதற்கு அந்தக் குறி அடையாளம். ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, சுவீடிஷ், ஐஸ்லாந்திக் ஆகிய மொழிகளுக்கெல்லாம் தாயான மூல ஜெர்மானிய மொழியில் அது வழங்கியது. அகராதியைப் புரட்டினால் 'அந்நியன்' என்று பொருள் போட்டிருக்கும். அந்தப் பொருள் போதாது. பல இடங்களில் தவறாகவும் வழிகாட்டுகிறது. இந்தச் சொல் எல்லா அந்நியரையும் சுட்டியதில்லை. ஒரு குறிப்பிட்ட திசையில், ஒரு குறிப்பிட்ட எல்லைக்கு அப்பால், ஒரு குறிப்பிட்ட வகை மொழியைப் பேசியவர்களையே சுட்டியது. அதனால்தான் இந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டே போனால் பழைய ரோமப் பேரரசின் வடக்கு எல்லையை ஏறக்குறைய வரைந்துவிட முடிகிறது.

ஆனால் சொல் ரோமரிடமிருந்து தொடங்கவில்லை. ஜூலியஸ் சீசர், இன்றைய பிரான்ஸ் பகுதியான காலியாவில் நடத்திய போர்களைப் பற்றித் தாமே எழுதிய நூலின் ஆறாம் பகுதியில், வொல்க்கே என்ற கெல்டிக் குலம் ஒன்றைக் குறிப்பிடுகிறார். ரைன் நதியைத் தாண்டிப் போய், ஹெர்சீனியக் காட்டைச் சுற்றியிருந்த வளமான நிலத்தைக் கைப்பற்றி, தம் காலம்வரை அங்கேயே தங்கிவிட்டவர்கள் என்கிறார். நீதிக்கும் போர்த்திறனுக்கும் பெயர் பெற்றவர்கள் என்றும் சொல்கிறார். அதே குலத்தின் இன்னொரு கிளை தெற்கே, இன்றைய துலூஸ் நகரத்தைச் சுற்றி வாழ்ந்தது. ஜெர்மானியக் குலங்கள் தெற்கு நோக்கி வந்தபோது அவர்கள் முதலில் எதிர்கொண்ட பெரிய அண்டை வீட்டார் இந்த வடக்கு வொல்க்கேக்கள். ஒரு குலத்தின் பெயரே அந்த இனம் முழுமைக்கும் ஆகிவந்தது.

வொல்க்கே எப்படி வல்ஹஸ் ஆனது? இந்தக் கேள்விக்கான விடையில்தான் மொழியியலின் மிக அழகான கண்டுபிடிப்பு ஒன்று இருக்கிறது. தம்பி வில்ஹெல்முடன் சேர்ந்து 1812-இல் நாட்டார் கதைகளை வெளியிட்ட அதே யாக்கோப் கிரிம், 1822-இல் தம்முடைய ஜெர்மன் இலக்கணத்தின் இரண்டாம் பதிப்பில் ஓர் ஒலிவிதியை வகுத்துக் காட்டினார். டென்மார்க்கின் ராஸ்முஸ் ராஸ்க் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அதன் பெரும்பகுதியைக் கண்டிருந்தார். லத்தீன் முதலிய உறவு மொழிகளில் ககரம் இருக்கும் இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் ஹகரம் நிற்கிறது என்பது அவ்விதியின் ஒரு பகுதி. லத்தீனில் கொம்புக்கு கொர்னு, ஆங்கிலத்தில் ஹார்ன். நூறுக்கு அங்கே கென்டும், இங்கே ஹண்ட்ரட். நாய்க்கு அங்கே கனிஸ், இங்கே ஹவுண்ட். உயிரொலியிலும் ஒரு மாற்றம் உண்டு: அங்கே குறில் ஒகரம் என்றால் ஜெர்மானியத்தில் அகரம். லத்தீனின் எட்டு ஒக்டோ, ஜெர்மனில் அஹ்ட். இரண்டு மாற்றங்களையும் வொல்க் என்ற வேரின் மேல் ஏற்றிப் பாருங்கள். ஒகரம் அகரமாகும், ககரம் ஹகரமாகும். வல்ஹ் வந்து நிற்கும்.

இதன் அருமை இங்கேதான். ஒலிவிதி ஒரு காலத்தில் தொடங்கி ஒரு காலத்தில் ஓய்ந்துவிடும். அது ஓய்ந்த பிறகு கடன் வாங்கிய சொற்களை அது தொடாது. சீசரின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். பழைய லத்தீன் உச்சரிப்பில் அது கைசர். ஜெர்மானியர் அதைப் பேரரசரைக் குறிக்கும் சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். இன்றும் ஜெர்மனில் கைசர்தான், ஹைசர் இல்லை. அப்படியென்றால் கைசர் உள்ளே வரும்போது விதி ஓய்ந்திருந்தது. வல்ஹஸில் ககரம் மாறியிருக்கிறது, ஆகவே அது விதி ஓய்வதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டது. ரோமப் படைகள் ரைன் கரையை எட்டுவதற்கு முன்பே, கெல்டுகளும் ஜெர்மானியரும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதற்கு, எழுத்தே இல்லாத ஒரு காலத்திலிருந்து கிடைக்கும் சாட்சி இது. மண்ணைத் தோண்டாமல், இரண்டு மெய்யொலிகளை ஒப்பிட்டே இதைச் சொல்ல முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

அந்த அண்டை வீட்டார் எளியவர்களும் அல்லர். ஆட்சிப் பரப்பைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான ரைஹ், பணியையும் அலுவலகத்தையும் குறிக்கும் ஆம்ட், இரும்பைக் குறிக்கும் ஐசன் ஆகிய மூன்றையுமே கெல்டிக் மொழியிலிருந்து வந்தவை என்று பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். ஆட்சி, அலுவல், இரும்பு என்று இந்த வகைச் சொற்களை ஒருவர் யாரிடம் கடன் வாங்குவார்? தம்மைவிட மேலான நிலையில் இருந்தவரிடம்தான். வல்ஹஸ் என்ற பெயர் முதலில் இகழ்ச்சியாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு.

கி.மு. 58-இல் தொடங்கிய சீசரின் படையெடுப்பில் காலியா ரோமின் கைக்கு வந்தது. அடுத்த சில நூற்றாண்டுகளில் அங்கிருந்த கெல்டுகள் தங்கள் மொழியை விட்டு லத்தீன் பேசத் தொடங்கினார்கள். எல்லைக்கு வடக்கே இருந்த ஜெர்மானியர் பெயரை மாற்றவில்லை. நேற்றுவரை கெல்டிக் பேசிய பக்கத்து ஊர்க்காரன் இன்று லத்தீன் பேசுகிறான்; அவ்வளவுதான், அவன் இன்னும் வல்ஹ்தான். அங்கிருந்து சொல் ரோமருக்கும், ரோமரின் பொருள்களுக்கும் பரவியது. இதைக் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய ஒரு சான்று ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தெற்கு சுவீடனின் ஷூர்கோ தீவில் 1817-இல் கிடைத்த சிறிய பொன் பதக்கம் அது. ஒரு பக்கம் மட்டும் உருவம் பதித்து, கழுத்தில் தொங்கவிட வளையம் வைத்தது. ரோம நாணயங்களையும் பதக்கங்களையும் பார்த்து வடக்கத்தியத் தட்டார்கள் செய்த வகை. விளிம்பையொட்டி ரூனிக் எழுத்தில் ஒரு வரி ஓடுகிறது: ஹெல்டஸ் என்பவர் குனிமுண்டு என்பவருக்காக இந்த எழுத்துகளை வல்ஹகுர்னெ மீது செய்தார் என்று. குர்னெ என்றால் தானியமணி. வல்ஹரின் தானியம் என்று அந்தக் கைவினைஞர் சொல்வது பொன்னை. ரோமப் பேரரசின் பொற்காசுகள் வடக்கே போய் உருக்கப்பட்டு நகைகளான காலம் அது, ஏறக்குறைய ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டு. தானியம் விளையும் நிலத்தில் நெல்மணி எப்படியோ, வல்ஹர் நாட்டில் பொன் அப்படி. அந்நியரின் தானியம் என்று பொத்தாம்பொதுவாக இதை மொழிபெயர்ப்பவர்கள் அந்தத் தட்டாரின் சொல்லாட்சியில் பாதியை இழந்துவிடுகிறார்கள்.

பிரிட்டனுக்குப் போன ஆங்கிலோ சாக்சன்கள் அதே சொல்லை வெயல்ஹ் என்ற வடிவில் கொண்டுபோனார்கள். அங்கே அவர்கள் கண்டது நான்கு நூற்றாண்டுகளாக ரோம ஆட்சியில் இருந்த கெல்டிக் மக்களை. பெயர் பொருந்தியது. அதன் பன்மை வெயலஸ், அதிலிருந்து வேல்ஸ். கார்ன்வால் என்பது கொம்பு போல் நீண்ட நிலத்து வெயல்ஹ்கள். ஆனால் இங்கே சொல்லுக்கு ஒரு கசப்பு ஏறியது. தோற்றவர்களில் பலர் அடிமைகளாக, வெயல்ஹ் என்பதற்கு அடிமை என்ற பொருளும் சேர்ந்தது. பிற்காலத்தில் ஸ்லாவ் என்ற இனப்பெயரிலிருந்தே ஐரோப்பிய மொழிகளில் அடிமைக்குச் சொல் பிறந்ததும் இதே வழியில்தான்.

வெஸ்ஸெக்ஸ் நாட்டை 688 முதல் 726 வரை ஆண்ட இன்னெ மன்னரின் சட்டத் தொகுப்பில் இந்தக் கசப்பைக் கணக்காகவே பார்க்கலாம். ஒருவர் கொல்லப்பட்டால் கொன்றவர் தரப்பு இறந்தவரின் சுற்றத்தாருக்குக் கட்ட வேண்டிய ஆள்விலை அதில் வகுக்கப்பட்டிருக்கிறது. சாதாரண சுதந்திர ஆங்கிலேயரின் விலை 200 ஷில்லிங். ஒரு குடும்பம் பிழைக்கும் அளவான நிலத்தை ஹைட் என்பார்கள். ஒரு ஹைட் நிலம் வைத்திருக்கும் வெயல்ஹின் விலை 120 ஷில்லிங், அரை ஹைட் என்றால் 80, நிலமே இல்லையென்றால் 60. ஐந்து ஹைட் வைத்திருந்தால் 600 ஷில்லிங். அதே பட்டியலில் இன்னொருவரும் வருகிறார்: மன்னருக்காகக் குதிரையேறிச் செய்தி கொண்டுபோகும் வெயல்ஹ். அவருக்கு 200 ஷில்லிங், சுதந்திர ஆங்கிலேயருக்குச் சமம். அவர் அடிமையும் இல்லை, அந்நியரும் இல்லை. அதே சட்டத்தின் நிழலில் வாழும், அரசவைக்கு நெருக்கமான, மொழியால் வேறுபட்ட குடி. இழிவைக் குறிக்கும் சொல்லாக மட்டும் அது இருந்திருந்தால், ஏழாம் நூற்றாண்டில் வெஸ்ஸெக்ஸை ஆண்ட கென்வால்ஹ், சசெக்ஸை ஆண்ட எத்தல்வெயல்ஹ் ஆகிய மன்னர்களின் பெயர்களில் அது இடம் பிடித்திருக்குமா?

இந்தச் சொல்லின் ஒரு துண்டு நம் மளிகைக்கடைகளிலும் இருக்கிறது. அக்ரூட் என்று வடக்கு வழியாக ஒரு பெயர் வந்தது; பாக்கெட்டின் மேல் அச்சாகியிருப்பது வால்நட் என்ற ஆங்கிலப் பெயர். ஆங்கிலத்தில் சுவருக்கும் வால் என்று பெயர் இருப்பதால் அந்த மொழிக்காரரே சுவர்க் கொட்டை என்று நினைத்துக்கொள்வதுண்டு. அது சுவர் அல்ல. பழைய ஆங்கிலத்தில் வல்ஹ்ஹ்னுடு, அதாவது வல்ஹர் நாட்டுக் கொட்டை. ஜெர்மானியரின் சொந்தக் காட்டில் விளைந்தது சிறிய ஹேசல் கொட்டை. மேற்கு ஆசியாவிலிருந்து கிரேக்கர், ரோமர் கைமாறிப் பரவிய பெரிய கொட்டை காலியா, இத்தாலிப் பக்கமிருந்து வந்ததால் வந்த திசையின் பெயரே அதற்கு நிலைத்தது. பிற்கால லத்தீனிலும் அது காலியக் கொட்டைதான். ஜெர்மனில் வால்நுஸ், டச்சில் வால்நோட். செக் மொழியில் அதை வ்லாஷ்ஸ்கிக் கொட்டை என்றும், போலந்தில் வ்வோஸ்கிக் கொட்டை என்றும், உக்ரைனில் வோலொஸ்கிக் கொட்டை என்றும் சொல்கிறார்கள். ஸ்லாவிய மொழிகள் சொல்லை மட்டும் வாங்கவில்லை, அந்தச் சேர்க்கையையும் அப்படியே தங்கள் மொழியில் பெயர்த்துக்கொண்டன. பிறகு அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளமும் வான்கோழியும் வந்தபோது, ஜெர்மன் வட்டார வழக்குகள் அவற்றையும், வல்ஹஸின் ஜெர்மன் வடிவமான வெல்ஷைச் சேர்த்து, வெல்ஷ் தானியம், வெல்ஷ் கோழி என்று அழைத்தன. தெற்கிலிருந்து வந்தது எதுவாக இருந்தாலும் அந்தப் பெயர்தான் கைக்குக் கிடைத்தது.

ஸ்லாவ் மக்கள் இச்சொல்லை ஜெர்மானியரிடமிருந்து எப்போது வாங்கினார்கள் என்பதற்கும் ஒலியே சாட்சி. தெற்கு ஸ்லாவிய மொழிகளில் வ்லாஹ், போலந்தில் வ்வோஹ், கிழக்கே வோலோஹ். நகரத்தைக் குறிக்கும் சொல்லும் தெற்கே கிராத், போலந்தில் கிருத், ரஷ்யாவில் கோரத் என்று அதே முறையில் பிரிகிறது. சொந்தச் சொல்லும் கடன் சொல்லும் ஒரே அச்சில் மாறியிருப்பதால், ஸ்லாவிய மொழிகள் தனித்தனியாகப் பிரிந்து போவதற்கு முன்பே வல்ஹ் அவர்களிடம் இருந்திருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கார்பாத்தியப் படுகைக்கு வந்த ஹங்கேரியர் இதையே இருமுறை வாங்கினார்கள்: ஒருமையிலிருந்து ருமேனியருக்கு ஒலாஹ், பன்மையிலிருந்து இத்தாலியருக்கு ஒலஸ். போலந்துப் படைப்பிரிவுகள் இத்தாலியில் முகாமிட்டிருந்த 1797-இல் எழுதப்பட்ட பாடல்தான் இன்று அந்நாட்டின் தேசிய கீதம். அதில் இத்தாலியைச் சுட்டும் இடத்தில் வருவது இந்தச் சொல்லின் உரிச்சொல் வடிவமே. ஹெர்சீனியக் காட்டுக் கெல்டிக் குலத்தின் பெயரை போலந்துப் பள்ளிக் குழந்தைகள் காலைதோறும் பாடவில்லை என்றாலும், நாட்டின் பெருவிழாக்களில் எல்லோரும் பாடுகிறார்கள்.

பால்கன் பகுதியில் லத்தீன் வழி மொழி பேசிய மலைமக்கள் வ்லாஹ் ஆனார்கள். 976-ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்றைச் சொல்லும்போது பைசாந்திய வரலாற்றாசிரியர் ஸ்கிலிட்ஸஸ் அவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். ஆடு மேய்ப்பது அவர்களின் முக்கியத் தொழில் என்பதால் கிரேக்கத்தில் வ்லாஹோஸ் என்றால் இடையன், பிறகு பட்டிக்காட்டான் என்றும் பொருள் நழுவியது. துருக்கியர் வலாக்கியாவை எஃப்லாக் என்றார்கள். அந்த மக்களோ தங்கள் நாட்டை ரோமர் நாடு என்றே சொல்லி வந்தார்கள். வலாக்கியாவும் மால்டாவியாவும் 1859-இல் ஒரே ஆட்சியாளரின் கீழ் இணைந்து, 1866 அரசியல் சட்டத்தில் ருமேனியா என்ற பெயர் உறுதியானபோது, வெளியார் சூட்டிய பெயர் பின்னுக்குப் போய் உள்ளூர்ப் பெயர் முன்னே வந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஜெர்மன் பேசுவோர் வெல்ஷ் என்று அழைத்த மக்களை வரிசையாக நிறுத்தி, நீங்கள் உங்களை என்ன சொல்லிக்கொள்கிறீர்கள் என்று கேட்டால், மேற்கு சுவிட்சர்லாந்தில் பிரெஞ்சு பேசுபவர் ரோமாந்த் என்பார். கிழக்கு சுவிட்சர்லாந்தின் மலைப்பள்ளத்தாக்குகளில் ருமான்ட்ஷ் என்பார்கள். வட இத்தாலியின் டோலமைட் மலையில் லாதின் என்பார்கள். டான்யூப் கரையில் ரொமான். எல்லாம் ரோமின் பெயர், இல்லையென்றால் லத்தீனின் பெயர். வெறும் 'அந்நியன்' என்ற சொல் இவ்வளவு துல்லியமாகக் குறி வைக்காது. ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் டோல்கீன் 1955 அக்டோபரில் ஆற்றிய ஓர் உரையில் இதைத்தான் வலியுறுத்தினார். தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் எழுதிய அதே டோல்கீன். தொழிலால் அவர் பழைய ஆங்கிலப் பேராசிரியர். வெயல்ஹ் என்பது கெல்டிக், லத்தீன் பேசுவோருக்கு மட்டுமே வழங்கியது, பொதுவான அந்நியப் பெயர் அல்ல என்பது அவர் வாதம். கிழக்கே இருந்த ஸ்லாவ்களை ஜெர்மானியர் வெண்ட் என்றார்கள், வடக்கே ஃபின் என்றார்கள். அவர்களும் அந்நியர்தான், அவர்கள் மொழியும் புரியாததுதான். அவர்களை யாரும் வல்ஹ் என்று சொல்லவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கச் சொல் ஒன்றும் உருவானது. மக்களுடையது, மக்கள் பேசுவது என்ற பொருளில் தொடங்கிய தியோடிஸ்க், லத்தீன் அல்லாத நாட்டு மொழியைக் குறிக்க 786-ஆம் ஆண்டு ஆவணத்தில் வருகிறது. டாய்ட்ஷ், டச்சு இரண்டும் அதன் பிள்ளைகள். இடைக்காலத்தில் டாய்ட்ஷும் வெல்ஷும் இணையாக, இரண்டு மொழி உலகங்களின் பெயராக வழங்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேசிய உணர்ச்சி கொதித்தபோது அந்த இணை பகையாக முறுக்கேறியது. 1868-இல் மேடையேறிய வாக்னரின் இசைநாடகமான டி மைஸ்டர்ஸிங்கர், வெல்ஷ் பகட்டிலிருந்து ஜெர்மன் கலையைக் காக்கச் சொல்லும் எச்சரிக்கையுடன் முடிகிறது. அன்று முதல் ஜெர்மனியில் அந்தச் சொல்லை நல்லெண்ணத்தோடு பயன்படுத்துவது கடினமாகிவிட்டது. எல்லையைத் தாண்டி சுவிட்சர்லாந்துக்குள் போனால் நிலைமை வேறு. ஜெர்மன் பேசும் சுவிஸ் மக்கள் தங்கள் நாட்டின் பிரெஞ்சுப் பகுதியை இன்றும் இயல்பாக வெல்ஷ்லாந்து என்கிறார்கள். பள்ளி முடித்த இளம்பெண்கள் அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கி, வீட்டு வேலைக்கு உதவிக்கொண்டே பிரெஞ்சு கற்று வரும் ஓராண்டுக்கு வெல்ஷ்லாந்து ஆண்டு என்றே பெயர். ஒரே நாட்டில் சேர்ந்து வாழ்பவர்கள் வாயில் அதே சொல் நச்சில்லாமல் இருக்கிறது.

மனிதர்களின் பெயர்களிலும் இது குடியேறியிருக்கிறது. ஸ்காட்லாந்தின் வாலஸ், அயர்லாந்தின் வால்ஷ் இரண்டும் வெல்ஷ்காரர் என்ற அடையாளத்திலிருந்து வந்த குடும்பப் பெயர்கள். மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்து வீச்சாளர் கோர்ட்னி வால்ஷின் பெயரில் இருப்பதும் இதுதான். பாலிக்கும் லொம்போக்குக்கும் இடையே விலங்குகள் பிரியும் கோட்டுக்குத் தம் பெயரைத் தந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், 1823-இல் பிறந்ததும் வேல்ஸ் எல்லைப் பகுதியில்தான். மத்திய ஐரோப்பிய யூதர்களிடையே வழங்கும் பிளோக் என்ற பெயரும் போலந்து வ்வோஹிலிருந்து வந்தது என்று பெயராய்வாளர்கள் கருதுகிறார்கள். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக்காக 1952-இல் நோபல் பரிசு பெற்ற ஃபீலிக்ஸ் பிளோக்கின் பெயர் அது; மருத்துவமனைகளின் எம்.ஆர்.ஐ. கருவி அந்த ஆய்வின் வழி வந்தது.

வேல்ஸ் மக்களோ ரோமின் பெயரைச் சூட்டிக்கொள்ளவில்லை. அவர்கள் தங்கள் நாட்டைச் சொல்வது கம்ரி என்று. ஒரே நாட்டைச் சேர்ந்த கூட்டாளிகள் என்பது அதன் பழம்பொருள். 2021 கணக்கெடுப்பின்படி அங்கே ஏறக்குறைய 5,38,000 பேர் வெல்ஷ் மொழி பேசுகிறார்கள், மக்கள்தொகையில் 17.8 சதவீதம். சமீப ஆண்டுகளில் பொது இடங்களில் தங்கள் பெயர்களை முன்னுக்குக் கொண்டுவருகிறார்கள். ஸ்னோடோனியா தேசியப் பூங்கா 2022-இல் எரிரி என்ற பெயரையே பயன்படுத்த முடிவு செய்தது. அடுத்த ஆண்டு பிரெக்கன் பீக்கன்ஸ் பூங்கா பன்னாய் பிரெஹேனியோக் ஆனது. கால்பந்து அணி கம்ரி என்ற பெயரோடு களம் இறங்குகிறது. அந்தப் பெயரின் உடன்பிறப்பு ஒன்று இங்கிலாந்துக்குள்ளேயும் இருக்கிறது. ஏரிகளுக்குப் பெயர்போன வடமேற்கு மலைநாடான கம்ப்ரியாவின் பெயரும் அதே சொல்தான். அங்கே வழங்கிய கெல்டிக் பேச்சு ஏறக்குறைய பன்னிரண்டாம் நூற்றாண்டில் மறைந்தது.